மாணவியே எழுதும் மதிப்பீடு

அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஆல்வெர்னோ என்றொரு மகளிர் கல்லூரி இருக்கிறது. கத்தோலிக்கக் கன்னியர் சபையினர் 1887-இல் தொடங்கியது. 1970களின் தொடக்கத்தில் இந்தக் கல்லூரி ஏ, பி, சி என்று கிரேடு போடுவதையே நிறுத்திவிட்டது. கருத்துப் பரிமாற்றம், பகுப்பாய்வு, சிக்கலைத் தீர்த்தல், பிறரோடு இணைந்து செயல்படுதல் என எட்டுத் திறன்களை வகுத்து, ஒவ்வொன்றிலும் மாணவி படிப்படியாக எந்த நிலைக்கு வந்திருக்கிறாள் என்று பார்த்தார்கள். மார்க் பட்டியல் இல்லாமல் எப்படிப் பார்ப்பது? அதற்கு அவர்கள் கண்ட வழிதான் இன்று ‘டிஜிட்டல் போர்ட்ஃபோலியோ’ என்று உலகெங்கும் பேசப்படுவதன் முன்னோடிகளில் ஒன்று.

புதிதாகச் சேரும் மாணவி சக மாணவிகள் முன் நின்று சிறிது நேரம் பேச வேண்டும். அதைக் கேமராவில் பதிவு செய்வார்கள். பிறகு அவளே அதைப் போட்டுப் பார்த்து, எது நன்றாக வந்தது, எங்கே தடுமாறினாள் என்று எழுத வேண்டும். தன் குரலையே கேட்கக் கூசாதவர்கள் குறைவு. தன் பேச்சைத் தானே விமர்சிப்பது அதைவிடச் சங்கடம். பின்னாளில் மறுபடி பேசிப் பதிவு செய்யும்போது, பழைய பதிவும் பழைய குறிப்பும் பக்கத்திலேயே இருக்கும். முன்னேறியிருக்கிறாளா என்று ஆசிரியர் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

வீடியோ கேசட்டிலும் காகிதக் கோப்பிலும் இருந்த இந்த ஏற்பாட்டை 1990களின் இறுதியில் இணையத்துக்குக் கொண்டுவந்தார்கள். ‘டயக்னாஸ்டிக் டிஜிட்டல் போர்ட்ஃபோலியோ’ என்று பெயர் வைத்தார்கள். அதில் ஒவ்வொரு முக்கியப் பணிக்கும் நான்கு விஷயங்கள் சேர்ந்து நிற்கும்: மாணவி செய்த வேலை, அதை எந்த அளவுகோலால் அளந்தார்கள் என்ற விவரம், மதிப்பிட்டவரின் கருத்து, மாணவியின் சுயமதிப்பீடு. மதிப்பிட வருபவர்களில் நகரத்தின் அலுவலகங்களிலும் தொழில்களிலும் இருப்பவர்களும் உண்டு.

இந்த நான்கில் கடைசியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது கூகுள் டிரைவ் ஃபோல்டர்தான்.

கற்றலை மாணவரே நிர்வகிப்பது என்றால் என்ன என்பதை நியூயார்க்கைச் சேர்ந்த கல்வி உளவியலாளர் பாரி சிம்மர்மேன் ஒரு சுழற்சியாக விளக்கினார். முதலில் இலக்கு வைத்துத் திட்டமிடுகிறோம். வேலை செய்யும்போது நம்மை நாமே கவனிக்கிறோம். முடிந்ததும் ஏன் சரியாக வந்தது, ஏன் வரவில்லை என்று யோசிக்கிறோம். அந்த யோசனை அடுத்த திட்டத்துக்குள் போகிறது. நம் தேர்வு முறையில் முறிந்துபோவது பெரும்பாலும் இந்தக் கடைசிக் கண்ணிதான். ரிசல்ட் வருகிறது, பாஸா அரியரா என்று பார்க்கிறோம், அடுத்த செமஸ்டருக்குப் போய்விடுகிறோம். போர்ட்ஃபோலியோ அந்த இடத்தில் மாணவரை ஒரு நிமிடம் நிறுத்திவைக்கிறது.

நிறுத்தினால் மட்டும் போதுமா என்றால், போதாது. இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் புராஜெக்ட் முடித்துவிட்டு, “இதன் மூலம் குழுவாகச் செயல்படவும் நேரத்தை நிர்வகிக்கவும் கற்றுக்கொண்டேன்” என்று எழுதுவதாக வைத்துக்கொள்வோம். இதை எந்த புராஜெக்டுக்கும் ஒட்டலாம். இன்று சாட்ஜிபிடியைக் கேட்டால் இதைவிட அழகாகவே எழுதித் தரும். அதே மாணவர், “கேள்வித்தாளைப் பத்துப் பேரிடம் கொடுத்துப் பார்க்காமல் நேரே களத்துக்குப் போனோம். மூன்றாவது கேள்வியை யாருமே நாங்கள் நினைத்த மாதிரி புரிந்துகொள்ளவில்லை. அந்தப் பதில்களை மொத்தமாகத் தள்ள வேண்டியதாயிற்று. அடுத்த முறை முன்சோதனைக்கு ஒரு நாள் ஒதுக்குவேன்” என்று எழுதினால் கதையே வேறு. என்ன நடந்தது, ஏன் நடந்தது, இனி என்ன செய்வேன் என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. படிக்கிற ஆசிரியருக்கும் சொல்ல ஏதாவது இருக்கும்.

முதல் வகையிலிருந்து இரண்டாவது வகைக்கு மாணவர் தானாக வந்துவிடுவதில்லை. யாராவது படிக்க வேண்டும், திருப்பிக் கேள்வி கேட்க வேண்டும். நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியிலுள்ள லாகார்டியா சமுதாயக் கல்லூரியில் பல நாடுகளிலிருந்து குடியேறியவர்களின் பிள்ளைகள் படிக்கிறார்கள். வீட்டிலேயே முதன்முதலில் கல்லூரிக்கு வந்தவர்கள் ஏராளம். 2000களின் தொடக்கத்திலிருந்து போர்ட்ஃபோலியோவைப் பரப்பிவரும் அந்தக் கல்லூரி, மென்பொருளோடு நின்றுவிடாமல் ஆசிரியர்களுக்கான பயிற்சியிலும் காலம் செலவிட்டது. போர்ட்ஃபோலியோ வைத்த வகுப்புகளில் படித்தவர்கள் இடைநிற்காமல் தொடர்வது கூடியதாக அங்கே பதிவாகியிருக்கிறது. அமெரிக்கக் கல்லூரிகள், பல்கலைக்கழகங்களின் சங்கம் 2016-இல் போர்ட்ஃபோலியோவைத் தன் ‘உயர் தாக்கம் கொண்ட நடைமுறைகள்’ பட்டியலில் பதினோராவதாகச் சேர்த்தது. ஆனால் லாகார்டியாவின் பதிவுகளை அப்படியே விழுங்க வேண்டியதில்லை. மாணவரின் எழுத்தைப் பொறுமையாகப் படிக்கும் ஆசிரியர் இருந்தால், போர்ட்ஃபோலியோ இல்லாமலும் பிள்ளைகள் தங்கிப் படிக்கத்தான் செய்வார்கள்.

இனி சிக்கலுக்கு வருவோம். தவறுகளை மனம் திறந்து எழுது என்கிறோம்; எழுதியதற்கு மார்க்கும் போடுகிறோம். மார்க்குக்காக எழுதுகிறவர் மாட்டிக்கொள்ளாத தவறாகப் பார்த்துத்தானே எழுதுவார்?

இந்த முரண் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு பிரிட்டனில் நடந்த ஒரு வழக்கு சாட்சி. 2011-இல் லெஸ்டர் நகர மருத்துவமனையில் ஆறு வயதுச் சிறுவன் இறந்தான். அந்த மரணத்துக்காக, சிகிச்சை அளித்த பயிற்சி மருத்துவர் குற்றவாளி என 2015-இல் தீர்ப்பானது. 2018 ஜனவரியில் மருத்துவர் பதிவேட்டிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த நீக்கத்தை ரத்து செய்தது. பிரிட்டனில் பயிற்சி மருத்துவர்கள் இ-போர்ட்ஃபோலியோவில் தங்கள் அனுபவங்களை எழுதியாக வேண்டும். இவர் அதில் எழுதியதே இவருக்கு எதிராகத் திரும்பிவிட்டது என்று செய்தி பரவியது. அது ஜூரிகள் முன் சாட்சியமாக வைக்கப்படவில்லை என்று பின்னர் விளக்கம் வந்தபோதும் இளம் மருத்துவர்களின் பயம் போகவில்லை. அரசு அமைத்த ஆய்வுக்குழு, இத்தகைய எழுத்தைக் கேட்டு வாங்கும் அதிகாரம் மருத்துவ கவுன்சிலுக்கு இருக்கக் கூடாது என்று 2018 ஜூனில் பரிந்துரைத்தது.

இந்தியாவுக்கும் இது தூரத்துச் செய்தி இல்லை. 2019-இல் வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் லாக்புக் உண்டு. மருத்துவ அறமும் நோயாளியிடம் பேசும் முறையும் கற்பிக்கும் ‘ஏட்காம்’ பகுதியில், மாணவர் தன் அனுபவத்தை யோசித்து எழுதவும் வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் சீனியரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதிப் பழகிய கை, இதையும் அப்படியே எழுதிவிடும் அபாயம் இருக்கிறது.

போர்ட்ஃபோலியோவைத் தொடங்க நினைக்கும் கல்லூரி மென்பொருளைப் புதிதாக எழுத வேண்டியதில்லை. நியூசிலாந்து உயர்கல்வி நிறுவனங்களின் கூட்டு முயற்சியாக 2006-இல் உருவாகத் தொடங்கிய ‘மஹாரா’ என்ற திறந்தமூல மென்பொருள் இருக்கிறது. அதில் எந்தப் பக்கத்தை யார் பார்க்கலாம் என்பதை மாணவரே முடிவு செய்யலாம். ஒரு பக்கம் ஆசிரியருக்கு, ஒன்று நண்பர்களுக்கு, ஒன்று வேலைக்கு எடுப்பவருக்கு, ஒன்று யாருக்கும் காட்டாமல். இந்த உரிமையை மாணவர் கையில் விடாத கல்லூரி இதைத் தொடங்காமல் இருப்பதே மேல்.

கல்லூரிக்காகக் காத்திருக்க விரும்பாத மாணவர் இன்றே தொடங்கலாம். செமஸ்டருக்கு மூன்று வேலைகள் போதும். ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கக் குறிப்பு. தேறாமல் போன வேலை ஒன்றாவது அதில் இருக்கட்டும். எல்லாவற்றையும் சொந்தக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரி தந்த மின்னஞ்சல் கணக்கு படிப்பு முடிந்ததும் மூடப்பட்டுவிடலாம்.