ஏரியின் ஆயுள் மேட்டு நிலத்தில்

ஏரி தூர்ந்து போய்விட்டது என்பது பல கிராமங்களில் கேட்கப்படும் முறையீடாகும். கரையை உயர்த்துவதும், மதகைச் செப்பனிடுவதும், வண்டலை வாரி வயலுக்கு அடிப்பதும் அவசியமான வேலைகளே. ஆயினும் இவையெல்லாம் செய்து முடிந்த சில வருஷங்களுக்குள் ஏரி மீண்டும் மேடிட்டு விடுவதுண்டு. அதற்குக் காரணத்தை ஏரிக்கு மேலே உள்ள நிலங்களில் தேட வேண்டும். எந்த நிலங்களில் பெய்யும் மழை வழிந்து வரத்துக்கால் வழியே ஏரியை அடைகின்றதோ, அப்பரப்பு முழுவதும் அவ்வேரியின் நீர்பிடிப்பு எனப்படும்.

ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அங்குல மழை பெய்தால், விழும் ஜலம் ஏறக்குறைய 22,600 காலன்; அதாவது 1 லட்சம் லிட்டருக்குச் சற்று அதிகம். புல் மூடிய நிலத்தில் இந்த ஜலம் வேகங் குறைந்து, ஒரு பகுதி மண்ணில் இறங்கிக் கிணறுகளுக்கு ஊற்றாகிறது. எஞ்சியது தெளிந்து ஏரிக்குச் செல்கிறது. மொட்டைத் தரையிலோ, மழைத்துளி மண்ணை இடித்துக் கரைக்கிறது. கரைந்த மண் தரையின் நுண்ணிய துவாரங்களை அடைத்து விடுவதால், ஜலம் இறங்க இடமின்றி மேல்மண்ணை வாரிக்கொண்டு ஓடுகிறது. ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள மண் போனாலும், ஏக்கருக்குச் சுமார் 5 டன் போனதாகக் கணக்காகும். மேட்டு நிலத்தானுக்கு அது பயிரின் சாரம் போன நஷ்டம். ஏரியின் கீழ் நன்செய் உடையவனுக்கு ஜலம் நிற்கும் இடம் போன நஷ்டம்.

ஆகையால் நீர்பிடிப்பில் ஒவ்வொரு நிலத்தையும் அதன் சரிவுக்கேற்ற வகையில் உபயோகிக்க வேண்டும். செங்குத்தான சரிவுகளை உழாமல் புல்லுக்கும் மரத்துக்கும் விட்டுவிடுவது நலம். மிதமான சரிவுள்ள புன்செய்களில் சரிவுக்குக் குறுக்கே உழுது, சமமட்டத்தில் வரப்பிட்டு, வரப்பின்மேல் வெட்டிவேரோ கொழுக்கட்டைப் புல்லோ வளர்க்கலாம். ஓடைகளின் தலைப்பிலிருந்து தொடங்கிச் சிறு கல் தடுப்புகளை வரிசையாக அமைத்தால் மண் அங்கேயே தங்கிவிடும். மழை குறைந்த இடங்களில், விரைந்து வளரும் மரங்களை நெருக்கமாக நட்டால் அவையே ஜலத்தை மிகுதியாக உறிஞ்சும். அங்கே புல்லே முதன்மையானது.

இம்முறைகள் யாவும் எளியவை. நிறைவேற்றுவதில் உள்ள சிரமம் வேறு. ஆடு மேய்ப்பதை நிறுத்த வேண்டியவர் பெரும்பாலும் நிலமற்ற ஏழை. அதனால் பலனடைபவரோ கீழே வயல் உடையவர். ஒருவர் தியாகம் செய்ய, மற்றொருவர் லாபம் பெறும் ஏற்பாடு நீடித்து நிற்காது.

ஹரியானா மாநிலத்தில் சிவாலிக் குன்றுகளின் அடிவாரத்திலுள்ள சுகோமாஜ்ரி என்னும் சிறு கிராமத்தின் அநுபவம் இதற்கு வழி காட்டுகிறது. சண்டிகர் நகருக்கென 1958-ம் வருஷத்தில் அமைக்கப்பட்ட சுக்னா ஏரி, இருபது வருஷங்கள் நிறைவதற்குள்ளேயே பாதிக்கு மேல் தூர்ந்து போயிற்று. மண் வந்த வழியை நிபுணர்கள் ஆராய்ந்தபோது, அது இக்கிராமத்தை அடுத்த மொட்டைக் குன்றுகளில் போய் முடிந்தது. மேய்ச்சலை நிறுத்தும்படி கேட்டதற்குக் கிராமவாசிகள் இணங்கவில்லை. கால்நடையன்றி அவர்களுக்கு வேறு பிழைப்பு இல்லை. 1976-ம் வருஷத்தில் குன்றின் அடியில் ஒரு சிறிய மண்ணணை கட்டப்பட்டு, அதன் ஜலம் பயிருக்குப் பயன்பட்டது. முதலில் அணையை அடுத்து நிலமிருந்தவர்களுக்கே ஜலம் கிடைத்ததால் மற்றவர்கள் அதிருப்தியுற்றனர். பின்னர், நிலமற்ற குடும்பம் உள்பட ஒவ்வொரு வீட்டுக்கும் ஜலத்தில் சமபங்கு உண்டென்றும், தனக்கு வேண்டாத பங்கைப் பிறருக்கு விற்கலாமென்றும், அதற்கு ஈடாக யாவரும் குன்றில் மேய்ச்சலை நிறுத்த வேண்டுமென்றும் ஊரார் ஒப்புக்கொண்டனர். அதை நடத்த ஒரு சங்கமும் ஏற்பட்டது. முள்வேலியின்றியே குன்றில் புல் வளர்ந்தது. ஆடுகள் குறைந்து, கட்டித் தீனி போடும் எருமைகள் பெருகிப் பாலும் வருமானமும் உயர்ந்தன. அக்குன்றுகளிலிருந்து சுக்னா ஏரிக்குச் சென்ற மண்ணும் வெகுவாகக் குறைந்தது.

நம் நாட்டு ஏரிகளின் மேட்டு நிலங்களுக்கும் இந்நியாயம் பொருந்தும். கூட்டுறவுச் சங்கத்தின் அங்கத்தினர்கள் முதலில் மழைக்காலத்தில் நீர்பிடிப்பைச் சுற்றி நடந்து, கலங்கல் ஜலம் எங்கிருந்து வருகிறதென்று குறித்துக்கொள்ளலாம். மேய்ச்சல் தரையைப் பகுதிகளாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு பகுதியை ஒழித்து வைக்கலாம். அதில் வளரும் புல்லை அறுத்து எடுக்கும் உரிமையை ஆடு மாடு வைத்துள்ள ஏழைகளுக்கே முதலில் அளிப்பதும், ஏரியின் மீன் குத்தகை, கருவேல மரங்கள் ஆகியவற்றின் வருமானத்தில் அவர்களுக்கும் பங்கு வைப்பதும் நியாயமாகும். மேட்டில் இருப்பவனுக்கும் ஏரியில் பங்குண்டு என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி நிறைவேற்றும் கிராமத்தில், தூர் வாரும் செலவு வருஷத்துக்கு வருஷம் குறையும்.