டெலிவிஷன் திரையில் ஒரு கண்

கடிதத்தின் அடியிலுள்ள கையொப்பம் அதை எழுதியவர் யார் என்பதைத் தெரிவிக்கிறது. டெலிவிஷன் திரையில் தோன்றும் நிலையச் சின்னமும் அத்தகையதே. எழுத்தறியாதவரும் அதைக் கண்ட மாத்திரத்தில் தம்மிடம் பேசுவது யார் என்று அறிந்துகொள்ளலாம். ஆயினும், காகிதத்தில் வரையத்தக்க உருவம் யாவும் திரைக்குப் பொருந்துவதில்லை. தூர்தர்ஷன் சின்னத்தின் வரலாறு இதனை நன்கு விளக்கும்.

டில்லியில் 1959-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி டெலிவிஷன் ஒளிபரப்பு சோதனை முறையில் தொடங்கிற்று. 1965-ல் அன்றாட ஒளிபரப்பு ஆரம்பமாயிற்று. அகில இந்திய வானொலியின் அங்கமாக இருந்துவந்த இப்பணி, 1976 ஏப்ரல் 1-ஆம் தேதி தனி அமைப்பாகப் பிரிக்கப்பட்டது. தனி அமைப்புக்குத் தனி அடையாளம் தேவைப்பட்டது. அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மாணவராயிருந்த தேவாசிஷ் பட்டாச்சார்யா வரைந்த உருவம் தெரிந்தெடுக்கப்பட்டது. நடுவே ஓர் உருண்டை. அதனை இருபுறமும் தழுவிநிற்கும் இரு வளைவுகள். சேர்த்துப் பார்க்கின் மனிதக் கண்.

அவ்வுருவத்திற்கு அசைவு தந்தவர் அதே நிறுவனத்தைச் சேர்ந்த ஆர். எல். மிஸ்திரி ஆவார். உருவத்தின் படிகளைக் காமிராவின் கீழ் வைத்து, அவற்றைச் சுழற்றிப் படம்பிடித்து அவர் இதனைச் செய்தார். அப்படங்கள் விரைந்து ஓடும்போது, வளைவுகள் சுழன்று வந்து ஒன்றுகூடிக் கண்ணாக முடிகின்றன. பண்டித ரவிசங்கர் அமைத்த இசையும் அதனுடன் சேர்ந்து ஒலித்தது.

இவ்வுருவம் திரைக்கு ஏற்றதாக அமைந்ததன் காரணம் யாது? அக்காலப் பெட்டிகளில் ஒரு படம் 625 வரிகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. எலெக்ட்ரான் கற்றை முதலில் ஒன்றுவிட்டு ஒன்றாகப் பாதி வரிகளையும், பின்னர் எஞ்சிய வரிகளையும் தீட்டும். இவ்வாறு விநாடிக்கு 25 முழுப் படங்கள் உண்டாகும். மெல்லிய கிடைக்கோடு ஒரே வரியில் விழுமாயின், அது விநாடிக்கு 25 தடவை மட்டுமே ஒளிரும். ஆதலின் கண்ணுக்கு நடுங்குவதுபோல் தோன்றும். பருத்த வளைவோ பல வரிகளில் பரவுவதால் நிலைத்து நிற்கும். மேலும், 1982-ல் வண்ண ஒளிபரப்பு தொடங்கும்வரை, நிறத்தின் துணையின்றிக் கறுப்பு வெள்ளையிலேயே சின்னம் விளங்க வேண்டியிருந்தது. கட்டமிட்ட தாளில் முழுக் கட்டங்களை மட்டும் நிரப்பி ஒரு சின்னத்தை வரையச் செய்து, அதனை வகுப்பின் கடைசி வரிசையிலிருந்து பார்க்கச் சொன்னால், எளிய உருவத்தின் சிறப்பை மாணவர் தாமே உணர்வர்.

1990-க்குப் பின்னர் செயற்கைக்கோள் வாயிலாகவும் கேபிள் வாயிலாகவும் பல நிலையங்கள் வீடுகளை எட்டின. நிகழ்ச்சியின் நடுவே நிலையத்தை மாற்றுவோருக்கு, தொடக்கத்தில் மட்டும் தோன்றும் சின்னம் பயன்படாது. ஆகவே திரையின் மூலையில் சிறு சின்னம் இடைவிடாது நிற்கும் முறை பரவிற்று. பழைய பெட்டிகளில் படத்தின் ஓரம் சட்டத்திற்குள் மறைந்துவிடுமாதலால், அது சற்று உள்ளே தள்ளி வைக்கப்பட்டது. ஓரிடத்தில் நெடுநேரம் ஒளிரும் உருவம் திரையின் பூச்சில் தழும்பாகப் பதிந்துவிடும்; இதனைக் குறைக்கவே பல நிலையங்கள் மங்கலான சின்னத்தை உபயோகித்தன.

2024 ஏப்ரலில் தூர்தர்ஷனின் செய்தி நிலையம் தன் சின்னத்தின் நிறத்தைச் சிவப்பிலிருந்து காவிக்கு மாற்றியபோது, நாட்டில் விவாதம் எழுந்தது. சின்னத்தை மக்கள் வெறும் அலங்காரமாகக் கருதுவதில்லை என்பதற்கு இதுவே சான்று.

எனினும், கையொப்பத்தைப் போலவே சின்னத்தையும் பிறர் போலியாக இடக்கூடும். ஒரு நிலையத்தின் சின்னத்தைப் பிறிதொரு படத்தின்மேல் பதிப்பது இன்று கைப்பேசியிலேயே இயலும். எனவே, கைப்பேசியில் கைமாறி வரும் படத்தின் மூலையில் சின்னம் இருப்பது மட்டும் அதன் உண்மைக்குச் சான்றாகாது. அச்செய்தியை அந்நிலையத்தின் ஒளிபரப்பிலேயே பார்த்து உறுதிசெய்தல் வேண்டும். கிராமப் பணியாளரும் ஆசிரியரும் மக்களுக்கு எடுத்துரைக்கத்தக்க செய்தி இதுவே.