எடை குறையாவிட்டாலும் நடை பலன் தரும்

மிகுந்த உடல் பருமன் உள்ளவர்கள் பலர், ஒரு மாதம் நடந்தும் எடை குறையவில்லை என்று நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்த வேண்டாம். எடை அப்படியே இருந்தாலும் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருக்க நடை உதவும். தூக்கமும் மனமும் சீராகும்.

வாரத்துக்கு 150 நிமிடம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது போய்ச் சேர வேண்டிய இடம். தொடக்கத்துக்கு, மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, வீட்டுக்குள்ளேயே வேளைக்கு 5 நிமிடம் போதும். முழங்கால் வலியால் நாற்காலியில் தொழுபவர்கள், அதில் அமர்ந்தபடியே கால்களை மாறி மாறி நீட்டி மடக்கலாம். பேச முடியாதபடி மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்தி மருத்துவரிடம் செல்லுங்கள்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை: கேலிக்குப் பயந்தே பலர் வாசலைத் தாண்டுவதில்லை. கிண்டலை விட்டுவிட்டு, உம்மாவுடனும் வாப்பாவுடனும் நீங்களும் சேர்ந்து நடங்கள்.