அஞ்சடியில் ஈரம்

பீடோங்குக்கு அருகே ஒரு தோட்டத்தில் நான் தமிழ்ப்பள்ளியில் படித்த காலம். எங்கள் லயத்து வீட்டில் ஒரு செவலைப் பெட்டைக் குட்டி இருந்தது. அது அஞ்சடியில் படுத்து எழுந்த இடமெல்லாம் ஈரமாக இருக்கும். தூக்கத்திலும் சொட்டும். ஆனால், மற்ற நாய்களைப் போலப் புல்லில் குந்தி ஒழுங்காகவும் கழிக்கும். "வேணும்னே செய்யுது, அடிச்சாதான் பழகும்" என்றார் மாமா. அடித்தோம், நானும்தான். பயனில்லை. ஒருநாள் அதைச் சாக்கில் போட்டு எடுத்துப்போய், சுங்கை பட்டாணி மார்க்கெட் பக்கம் விட்டுவிட்டு வந்தார்கள்.

கால்நடை மருத்துவம் படிக்க வந்த பிறகு, கருவளர்ச்சிப் பாடத்தில் அந்தக் குட்டியின் நினைவு வந்தது. (இடைநிலைப்பள்ளியில் உயிரியலை மலாய்மொழியில் படித்தவள் நான், கலைச்சொற்களில் பிழையிருப்பின் பொறுத்தருள்க.)

நாயின் கர்ப்பகாலம் ஏறத்தாழ 63 நாள். தொடக்கத்தில் கருவின் பின்முனையில் மலத்துக்கும் சிறுநீருக்கும் ஒரே அறைதான். நடுவே ஒரு தடுப்பு வளர்ந்து அதைப் பிரிக்கிறது. பின்பாதி மலக்குடலாகிறது, முன்பாதியிலிருந்து சிறுநீர்ப்பையும் வெளிக்குழாயும் உருவாகின்றன. சிறுநீரகங்களிலிருந்து வரும் இரண்டு நாளங்கள் பையின் கழுத்துக்குச் சற்று மேலே வந்து சேர வேண்டும். இடம் தவறிய நாளம் வெளிக்குழாயிலோ பிறப்புவழியிலோ திறந்துகொண்டால், சிறுநீர் பையில் தங்காமல் வழிந்துகொண்டே இருக்கும். மற்ற நாளம் சரியாக இருந்தால் பையும் நிறையும்; நாய் குந்திக் கழிக்கவும் செய்யும். எங்கள் குட்டிக்கும் இதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

இக்குறை பெட்டைகளில்தான் அதிகம் கண்டறியப்படுகிறது. ஆண் நாயின் வெளிக்குழாய் நீளமானது என்பதால் சொட்டு வெளியே தெரியாமலே போகலாம்.

பிறவிக்குறை இல்லாத குட்டிக்கும் சிறுநீரை அடக்கக் காலம் பிடிக்கும். பை நிறையும்போது ஒரு நரம்பு அதைத் தளர்த்திக் கழுத்தை இறுக்குகிறது. கழிக்கும்போது இன்னொன்று பைச்சுவரைச் சுருக்குகிறது. இரண்டையும் ஒருங்கிணைக்கும் மையம் மூளைத்தண்டில் இருப்பதை, 1925-இல் பேரிங்டன் என்பவர் பூனைகளில் செய்த ஆய்வில் காட்டினார். பிறந்த குட்டியில் இந்த இணைப்பு முதிர்ந்திராது. முதல் மூன்று வாரங்களுக்குத் தாய் நக்கித் தூண்டினால்தான் சிறுநீர் வரும். தாயில்லாக் குட்டிகளை எங்கள் பாட்டி வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்துவிடுவார். நாங்கள் சிரிப்போம். அவர் துடைத்திராவிட்டால் அவை செத்திருக்கும்.

பிறந்ததிலிருந்தே சொட்டும் குட்டியை மருத்துவரிடம் காட்டுங்கள். ஸ்கேனில் நாளத்தின் பாதை தெரியும். அறுவையாலோ லேசராலோ சரிசெய்யலாம். சிலவற்றுக்கு அதன்பிறகும் மருந்து தேவைப்படும். கருத்தடை செய்த பெட்டை தூக்கத்தில் நனைப்பது வேறு: அடைப்புத் தசையின் தளர்ச்சி. அதற்கும் மருந்துண்டு. முக்கியும் சிறுநீர் வராத நாயை மட்டும் அன்றே கொண்டுபோக வேண்டும். ஆண் நாய்களில் குறி எலும்பின் பின்னால் கல் சிக்கிக்கொள்வதுண்டு.

போன விடுமுறையில் மாமாவுக்குப் படம் வரைந்து காட்டினேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அது வேணும்னு செய்யலையா?" என்று கேட்டார்.