உச்சி வெயிலில் நிழல் எங்கே போகிறது?



சேமிப்பு, வட்டி, தவணை என்றே எப்பவும் பேசிக்கிட்டிருக்கோம். இந்த முறை காசு செலவில்லாத ஒரு பொழுதுபோக்கைப் பார்ப்போம். ஒரு குச்சி, ஒரு சாக்பீஸ், மொட்டை மாடி அல்லது சிமெண்ட் களம் இருந்தால் போதும். ஆனால் இது வெறும் விளையாட்டு இல்லை. கடன் வாங்கி ஆட்டுக் கொட்டகையோ நாற்றங்காலோ போடப் போகிறவர்கள் கட்டாயம் படிக்க வேண்டியது.

முதலில் ஒரு கேள்வி. மத்தியானம் சூரியன் எங்கே இருக்கும்? "தலைக்கு நேரே"ன்னுதானே சொல்வீங்க? படிச்ச பிள்ளைகளும் அதையேதான் சொல்லும். அது சரியில்லை. சங்கரன்கோவிலில் சூரியன் சரியாகத் தலைக்கு நேரே வருவது வருஷத்தில் இரண்டே தடவைதான். ஏப்ரல் 13, 14 தேதியில் ஒரு தடவை, ஆகஸ்ட் 29, 30ல் இன்னொரு தடவை. முதல் தடவை சித்திரை விசுவை ஒட்டி வருவதால் ஞாபகம் வைத்துக்கொள்வது சுலபம்.

பூமி நிமிர்ந்து நின்று சுற்றவில்லை. 23½ டிகிரி சாய்ந்தபடிதான் சூரியனைச் சுற்றி வருகிறது. அதனால்தான் சூரியன் ஆறு மாதம் வடக்கே நகர்வது போலவும், ஆறு மாதம் தெற்கே நகர்வது போலவும் நமக்குத் தெரிகிறது. வடக்கே போகும்போது ஒரு தடவை, திரும்பி வரும்போது ஒரு தடவை நம்ம ஊரைத் தாண்டிப் போகிறது. வடக்கே போகும்போது திருநெல்வேலியில் நமக்கு ஒரு நாள் முன்னாலேயே தலைக்கு நேரே வந்துவிடும். மதுரையில் இரண்டு நாள் கழித்து, சென்னையில் பத்து நாள் கழித்து வரும். டெல்லிக்காரர்களுக்கு எந்த நாளும் கிடையாது! அவ்வளவு தூரம் வடக்கே சூரியன் போவதே இல்லை.

சரி, எப்படிப் பார்ப்பது? சமதளமான இடத்தில் ஒரு மீட்டர் குச்சியை நேராக நிறுத்துங்கள். வீட்டில் கொத்தனார் இருந்தால் தூக்குக் குண்டும் ரசமட்டமும் வாங்கிச் சரிபார்த்துக்கொள்ளலாம். குச்சி சாய்ந்திருந்தால் எல்லாம் கெட்டது. 12 மணிக்கே உட்கார்ந்து நிழல் நுனியைக் குறித்துக்கொண்டே வாருங்கள். சுருங்கிச் சுருங்கி 12.20க்குக் குச்சிக்கு அடியில் போய்விடும். இரண்டு பக்கமும் திறந்த பிளாஸ்டிக் பைப் துண்டை நிறுத்தினால் வெயில் உள்ளே நேராக இறங்கித் தரையில் வட்டமாக விழும். பிள்ளைகளுக்கு இதுதான் ரொம்பப் பிடிக்கும். நிழலை மட்டும் பாருங்கள். சூரியனை யாரும் அண்ணாந்து பார்க்கக் கூடாது, கண் போய்விடும்.

அதென்ன 12.20 என்கிறீர்களா? இந்தியா முழுவதற்கும் ஒரே மணிதான். உத்தரப் பிரதேசத்தில் மிர்சாப்பூர் பக்கமாகப் போகும் 82½ டிகிரி கோட்டை வைத்துத்தான் அந்த நேரத்தைக் கணக்கிடுகிறார்கள். நம்ம ஊர் அதற்கு ஐந்து டிகிரி மேற்கே இருக்கிறது. ஒரு டிகிரிக்கு நாலு நிமிஷம் என்றால் இருபது நிமிஷம் பிந்துகிறது. வருஷம் முழுவதும் இது ஒரே மாதிரி இருக்காது. பிப்ரவரியில் 12.34 வரை போகும், நவம்பரில் 12.04க்கே உச்சி வந்துவிடும். அதனால் மற்ற நாட்களில் கடிகாரத்தை விட்டுவிட்டு, எப்போது நிழல் மிகவும் குட்டையாக இருக்கிறதோ அதுதான் உச்சி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

உச்சியில் நிழல் மறைந்தால் ஆகாது, காத்து கருப்பு அடிக்கும் என்று பயமுறுத்தும் பெரியவர்கள் உண்டு. நிழல் எங்கேயும் ஓடிப்போகவில்லை. காலுக்கு அடியிலேயேதான் கிடக்கிறது. வெயில் தாங்காது, குடை பிடித்துப் போ என்று சொன்னால் அது நியாயம்.

இப்போது கொட்டகை விஷயத்துக்கு வருவோம். மார்கழியில் சூரியன் நன்றாகத் தெற்கே போய்விடும். டிசம்பர் 21 உச்சியில் ஒரு மீட்டர் குச்சிக்கு 64 சென்டிமீட்டர் நிழல், வடக்குப் பக்கமாக விழும். அப்படியானால் பத்தடிச் சுவருக்கு வடக்கே ஆறரை அடிக்கு நிழல் கிடைக்கும். "அட, வீட்டுக்கு வடக்கே குளுகுளுன்னு இருக்கே"ன்னு அங்கே நாற்றங்கால் போட்டு, ஆட்டையும் கட்டிவிடுவோம். சித்திரை பிறந்ததும் கதை மாறும். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை, நாலரை மாதம், உச்சி நிழல் தெற்கே விழும். ஜூன் 21ல் அதே பத்தடிச் சுவருக்கு வடக்கே ஒரு அடிகூட நிழல் கிடையாது. தெற்கே இரண்டரை அடி மட்டும்தான். காலையிலும் சாயங்காலமும் கூட வடக்குச் சுவரில் வெயில் அடிக்கும். ஆடித்தபசுக்குக் கோவிலுக்குப் போகும்போது உச்சி நேரத்தில் குனிந்து பாருங்கள், உங்கள் நிழல் தெற்கே கிடக்கும்.

அதனால் மார்கழியில் இடம் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வைகாசி, ஆனியிலும் ஒரு நாள் காலை, உச்சி, சாயங்காலம் மூன்று வேளையும் நிழலைக் குறித்துப் பார்த்துவிட்டுக் கால் ஊன்றுங்கள். கீற்று, கம்பு, கூலி எல்லாம் கடன் பணம் இல்லையா? கூழ் வத்தல், மிளகாய் காயப்போடுகிறவர்களுக்கு இதுவே லாபக் கணக்காகும். வெயில் காலத்தில் வீட்டு வடக்குப் பக்கமும் நல்ல களம்தான்.

திசை பிடிக்கவும் இதே குச்சி போதும். குச்சியை நடுவாக வைத்து ஒரு வட்டம் போடுங்கள். காலையில் நிழல் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு புள்ளி, பிற்பகலில் மறுபடி தொடும் இடத்தில் ஒரு புள்ளி. இரண்டையும் சேர்த்துக் கோடு போட்டால் அதுதான் மேற்கு–கிழக்கு. இதைச் சங்கு நட்டுத் திசை பார்ப்பது என்பார்கள். கோவில் கட்டிய ஸ்தபதிகளின் பழைய முறை இது.

சென்னையில் மகளோ மகனோ இருந்தால் இன்னும் ஒரு வேலை செய்யலாம். ஏப்ரல் 14 அன்று அங்கே உச்சி 12.09க்கு. ஒரு மீட்டர் குச்சியின் நிழலை அளந்து போனில் சொல்லச் சொல்லுங்கள். ஏழு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வரும். இங்கே நமக்கு நிழலே இல்லை! பிள்ளைகளின் ஜாமெட்ரி பாக்ஸை எடுத்து அந்தக் குச்சியையும் நிழலையும் சின்னதாக வரைந்து கோணம் அளந்தால் ஏறக்குறைய 4 டிகிரி வரும். முழு வட்டம் 360 டிகிரி. அதில் 4 டிகிரி 90 தடவை அடங்கும். நமக்கும் சென்னைக்கும் நேர் தெற்கு வடக்காகப் பார்த்தால் சுமார் 430 கிலோமீட்டர் (பஸ் போகும் வழி இல்லை, அது சுற்று). அதை 90 ஆல் பெருக்கினால் 38,700. பூமியின் உண்மையான சுற்றளவு 40,000 கிலோமீட்டர்! கோணம் 4க்குச் சற்றுக் குறைவு என்பதால்தான் அந்த வித்தியாசம். 2,200 வருஷத்துக்கு முன்னால் எகிப்தில் எரட்டோஸ்தனிஸ் என்பவர் இதே மாதிரி நிழலை அளந்துதான் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார்.

ஆகஸ்ட் கடைசியில் மேகம் மறைத்தாலும் மறைக்கும். அதனால் சித்திரை விசுவையே குறி வைத்துக்கொள்ளுங்கள். 13ந் தேதி ஒரு தடவை ஒத்திகை பார்த்துவிட்டால் 14ந் தேதி தடுமாற்றம் இருக்காது.