காடு எரிந்தால் சாலை அடைபடும்: மலை விவசாயிகள் மாசிக்கு முன்பே செய்ய வேண்டியவை

கொடைக்கானலில் இருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி வழியாகக் கிளாவரை வரை செல்வது ஒரே சாலை. மேல்மலையில் விளையும் கேரட், உருளைக்கிழங்கு, பூண்டு, பீன்ஸ் அனைத்தும் இந்தச் சாலையில் கொடைக்கானல் வந்து, அங்கிருந்துதான் வத்தலக்குண்டு அல்லது பழனி மலைப்பாதையில் கீழே இறங்க வேண்டும். சாலையின் இருபுறமும் பைன், யூகலிப்டஸ், வாட்டில் மரங்கள். கோடையில் அந்த மரங்கள் பற்றிக்கொண்டால் எரிவது காடு மட்டுமல்ல. அன்று ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போக வேண்டிய மூட்டையும் அங்கேயே நின்றுவிடும்.

2024 ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும் பூம்பாறை, மன்னவனூர் பக்கம் காட்டுத்தீ பல நாள் எரிந்தது. சுற்றுலா வாகனங்கள் மேல்மலைக்குச் செல்ல வனத்துறை தடை விதித்தது. இப்படித் தடை வரும்போது சுற்றுலாப் பயணி பயணத்தைத் தள்ளி வைக்கலாம். பறிக்கும் பருவத்தில் உள்ள பீன்ஸைத் தள்ளி வைக்க முடியாது. கடன் வாங்கிப் பயிர் வைத்த விவசாயிக்கு நான்கு நாள் சாலை அடைப்பே ஒரு போகத்தின் லாபத்தைத் தின்றுவிடும்.

சாலையை ஏன் மூடுகிறார்கள்?

தீ சாலையில் இருந்து தள்ளித்தானே எரிகிறது, வண்டியை விட்டால் என்ன என்ற கேள்வி எழும். மலைச்சரிவில் தீயின் போக்கு வேறு. சரிவு 10 டிகிரி கூடும்போது, மேல்நோக்கி ஏறும் தீயின் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். கீழே எரியும் தீ, மேலே உள்ள புல்லையும் சருகையும் முன்கூட்டியே காய்ச்சிவிடுவதே காரணம். பகலில் காற்றும் பள்ளத்தில் இருந்து மேல்நோக்கி வீசும். பள்ளத்தில் புகை தெரிந்த சற்று நேரத்தில் தீ சாலைக்கு வந்துவிடலாம்.

மேலே எரிந்தாலும் ஆபத்துதான். எரியும் கட்டைகளும் பைன் காய்களும் உருண்டு சாலையைத் தாண்டிக் கீழ்ச்சரிவில் புதிதாகத் தீ வைக்கும். வேர் எரிந்த மரம் சாயும். மண் பிடிப்பு விட்ட பாறை உருளும். கொண்டை ஊசி வளைவில் புகை சூழ்ந்தால் எதிரே வரும் வண்டி தெரியாது. குறுகலான அந்தப் பாதையில்தான் தீயணைப்பு வண்டியும் தண்ணீர் லாரியும் போய்வர வேண்டும்.

தீ அணைந்த பிறகும் சிக்கல் தீர்வதில்லை. புல்லும் சருகும் இல்லாத சரிவில் முதல் கோடை மழை இறங்கும்போது சாம்பல், மண், கல் எல்லாம் சாலைக்கு வரும். எனவே தீக்கு ஒரு முறை, மழைக்கு ஒரு முறை என இரண்டு தடவை பாதை அடைபடலாம்.

தீ எங்கிருந்து வருகிறது?

மார்கழி, தை மாத உறைபனியில் மலைப்புல் கருகிக் காய்கிறது. பிப்ரவரி முதல் மே வரை அது எரிபொருளாகக் கிடக்கிறது. யூகலிப்டஸ் இலையில் எண்ணெய் உண்டு, பைன் சருகு மெத்தைபோல் குவியும். வாட்டில் விதைகள் தீயின் சூட்டில் ஓடு வெடித்து மேலும் அடர்த்தியாக முளைக்கும். ஒரு முறை எரிந்த இடம் அடுத்த சில ஆண்டுகளில் இன்னும் நன்றாக எரியத் தயாராகிறது.

ஆனால் இது தானாகப் பற்றுவது அரிது. பெரும்பாலும் மனிதர் கையில் இருந்தே தீ தொடங்குகிறது. அணைக்காத பீடி, சமைத்துவிட்டுப் போன அடுப்பு, புதுப்புல்லுக்காக வைக்கும் தீ, தோட்டத்துக் கழிவை எரிப்பது ஆகியவைதான் வழக்கமான காரணங்கள். நீலகிரி மாவட்டம் குன்னூரில் 2024 மார்ச்சில் பாரஸ்ட்டேல் பகுதியில் பரவிய தீயை அணைக்க விமானப்படையின் எம்.ஐ.-17 ஹெலிகாப்டர் வந்து சுமார் 16,000 லிட்டர் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. தேயிலைத் தோட்டம் ஒன்றில் சருகுக்கு வைத்த தீ பரவியதாகவே அதில் வழக்குப் பதிவானது. தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று பற்றிய தீயில் மலையேறச் சென்ற 23 பேர் உயிரிழந்ததையும் யாரும் மறந்திருக்க முடியாது.

பட்டா நிலத்தில் வைக்கும் தீ, வேலியோடு நின்றுவிடாது. காப்புக்காட்டுக்கு ஆபத்து வரும்படி தீ மூட்டுவது 1882-ம் ஆண்டின் தமிழ்நாடு வனச்சட்டப்படி குற்றம். அதைவிடப் பெரிய இழப்பு, நாம் வைத்த தீ நம் காய்கறி போகும் சாலையையே மூடுவதுதான்.

எது காத்திருக்கும், எது காத்திருக்காது?

சாலை மூடும் என்ற செய்தி வந்ததும் பலர் அவசரமாக எல்லாவற்றையும் பறித்து மூட்டை கட்டிவிடுகிறார்கள். வண்டி வராவிட்டால் மூட்டையிலேயே எல்லாம் வீணாகும். பயிரின் தன்மை பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

கேரட்: முற்றிய பிறகும் இரண்டு வாரம் வரை மண்ணிலேயே விடலாம். மண் லேசான ஈரத்தில் இருக்கட்டும். காயவிட்டுத் திடீரென நிறையத் தண்ணீர் பாய்ச்சினால் கிழங்கு வெடிக்கும். பறித்துவிட்டால் தழையை உடனே நீக்க வேண்டும், தழை கிழங்கின் ஈரத்தை இழுத்துவிடும். வண்டி உறுதியாகும் வரை கழுவக் கூடாது. கழுவிய கேரட் சீக்கிரம் கெடும்.

உருளைக்கிழங்கு: மேல்தண்டை அறுத்துவிட்டு 10 முதல் 15 நாள் மண்ணில் விட்டால் தோல் தடித்து, சேமிப்புக்கு ஏற்றதாகும். வெடிப்பு வழியாக வெயிலும் கிழங்கு அந்துப்பூச்சியும் உள்ளே போகாதபடி மண் அணைக்க வேண்டும். தோண்டியதை இருட்டான, காற்றோட்டமான இடத்தில் பரப்பி வைத்தால் பச்சை ஏறாது.

மலைப்பூண்டு: 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு இதில் நமக்குப் பெரிய துணை. தாளோடு கட்டி, நிழலில் உலர்த்தி, காற்றோட்டமாகத் தொங்கவிட்டால் மாதக்கணக்கில் நிற்கும். வடுகபட்டி சந்தைக்கு ஒரு வாரம் தாமதமாகப் போனாலும் நட்டமில்லை. சாலை மூடிய பதற்றத்தில் உள்ளூரில் குறைந்த விலைக்கு விற்க வேண்டியதில்லை.

முட்டைக்கோஸ்: ஒரு வாரம் தாங்கும். தண்ணீரைக் குறைத்தால் வெடிப்பு குறையும்.

பீன்ஸ், பச்சைப் பட்டாணி: காத்திருக்காது. முற்ற விட்டால் விலை போவதுடன் செடி புதிதாகப் பூப்பதும் குறையும். பாதை திறக்கத் தாமதமானால் ஒரு பகுதியைப் பருப்புக்கும் விதைக்கும் முற்ற விட்டு, மீதியைப் பறித்துச் செடியைக் காப்பாற்றலாம்.

பழங்கள்: அவகாடோ மரத்தில் பழுக்காது என்பதால் முற்றிய காயைச் சில வாரம் மரத்திலேயே விடலாம். மே, ஜூனில் வரும் பிளம்ஸ் அப்படியல்ல. நிறம் திரும்பும்போதே பறித்து அனுப்ப வேண்டும்.

இதில் இருந்து கிடைக்கும் பாடம், நிலம் முழுவதையும் கோடையில் பறிக்கும் பீன்ஸுக்கே கொடுக்காமல், காத்திருக்கும் பயிருக்கும் ஒரு பகுதி ஒதுக்குவது. கேரட்டையும் ஒரே நாளில் விதைக்காமல் 15 நாள் இடைவெளியில் பாத்தி பாத்தியாக விதைத்தால், எந்த வாரம் சாலை மூடினாலும் முழு விளைச்சலும் சிக்காது.

தோட்டத்தைக் காக்க

தோட்டத்தைச் சுற்றி 3 மீட்டர் அகலத்துக்குப் புல், சருகு இல்லாமல் மண் தெரியச் செதுக்கி தீத்தடுப்புக் கோடு அமைக்க வேண்டும். தீ மேல்நோக்கி ஏறும் என்பதால் தோட்டத்தின் கீழ்ப்பக்கத்தில் கோடு இன்னும் அகலமாக இருப்பது நல்லது. கோடு போடுவதற்காகத் தீ வைக்க வேண்டாம். மண்வெட்டியும் களைக்கொத்தியும் போதும். செதுக்கிய சருகைக் கோட்டின் ஓரத்தில் குவிக்காமல், தோட்டத்தின் உட்பகுதியில் குழி வெட்டி மண் மூடி மக்க விடலாம். மூடாக்குப் போடுபவர்களும் எல்லையை ஒட்டிப் போடக் கூடாது.

பலரும் கவனிக்காதது தண்ணீர்க் குழாய். ஊற்றில் இருந்து புல்வெளி வழியாகத் தோட்டத்துக்கு வரும் கறுப்புக் குழாய் தீயில் உருகிவிட்டால், பயிர் தப்பினாலும் பாசனம் நின்றுவிடும். புல் அதிகமுள்ள இடங்களில் குழாயை ஒரு சாண் ஆழத்தில் புதைத்து வைக்க வேண்டும். தொட்டியைக் கோடை முழுவதும் நிரப்பி வைத்தால் அது பயிருக்கும் ஆகும், தீக்கும் ஆகும். தீக்குப் பின் இலைகளில் படிந்த சாம்பலைத் தெளிப்பு நீரால் கழுவிவிடலாம். முதல் மழைக்குள் தோட்டத்து வடிகாலைத் தூர்வாரினால் சரிவில் இருந்து வரும் சேறு பாத்திக்குள் புகாது.

காப்பீட்டை நம்பி இருந்துவிட முடியாது. பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் தனிப்பட்ட தோட்டப் பாதிப்புக்கு மின்னலால் ஏற்படும் இயற்கைத் தீயே கணக்கில் வரும். அதையும் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். யாரோ வைத்த தீக்கும், சாலை மூடியதால் அழுகிய காய்கறிக்கும் அதில் வழி இல்லை.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு

டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் மூலம் தீப்பற்றும் இடங்களைக் கண்டறிந்து குறுஞ்செய்தி அனுப்புகிறது. அதன் இணையதளத்தில் பொதுமக்களும் கைப்பேசி எண்ணைப் பதிவு செய்யலாம். உதவித் தோட்டக்கலை அலுவலர்கள் தங்கள் பகுதிக்குப் பதிவு செய்துகொண்டு, வரும் தகவலை விவசாயிகளின் வாட்ஸ்அப் குழுவில் போட்டால் அறுவடையை ஒரு நாள் முன்பே தீர்மானிக்க முடியும். தடை வந்தால் பகலில் எந்த நேரத்தில் சரக்கு வேன்களை மட்டும் வரிசையாக விடலாம் என்பதை வனத்துறை, வருவாய்த்துறை, காவல்துறையுடன் கோடைக்கு முன்பே பேசி வைப்பதும் அவர்களால் முடியும் காரியம்.

புகை தெரிந்தால் 101 அல்லது 112-க்கும், மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் 1077-க்கும் உடனே சொல்ல வேண்டும். தீயின் மேல்பக்கச் சரிவில் நின்று அணைக்க முயலக் கூடாது. தோட்டம் போனாலும் அடுத்த போகம் உண்டு.

தைப்பனி குறையும் முன்பே தீத்தடுப்புக் கோடு, குழாய், தொட்டி ஆகிய மூன்றையும் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, நம் கையில் உள்ள தீப்பெட்டியைத் தோட்டத்துக்குள் கொண்டு போகாமல் இருப்பது.