குழாய்க்குள் ஒட்டியிருக்கும் படலம்

ஐந்து லிட்டர் இஞ்சிப் பானம் புளித்து, நூல் விட்டுப்போய், கொட்ட வேண்டியதாகிவிட்டது. ஜாடியை வெந்நீரில் கழுவியிருந்தேன், சர்க்கரைப் பாகைக் கொதிக்க வைத்திருந்தேன். பானத்தைச் சீசாவுக்கு மாற்றிய ஒரு முழக் குழாயை மட்டும் வெறுமனே அலசி மாட்டியிருந்தேன். பிறகு அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், உட்புறத்தில் பழுப்பாக ஒரு மெல்லிய படலம். விரலை விட்டுத் தேய்த்தால் வழுக்கியது.

அது வெறும் அழுக்கு அல்ல. பாக்டீரியாக்கள் தாமே சுரந்த பிசினுக்குள் ஒட்டிக் குடியிருக்கும் படலம். கிருமிநாசினி அதன் மேற்பரப்பைத்தான் தொடும், உள்ளிருப்பவை தப்பிவிடும். ஆகவே முதலில் கழுவ வேண்டும்: சோப்பு, வெதுவெதுப்பான நீர், உள்ளே நுழையும் நீளமான பிரஷ். நன்றாக அலசிய பிறகே கிருமிநாசினி. இந்த வரிசையை மாற்றினால் எந்த மருந்தும் வேலை செய்யாது.

நான் இருக்கும் பெங்களூரில் பீர் வடிக்கக் கலால் துறை உரிமம் வேண்டும். வீட்டில் நாம் கொம்புச்சா என்ற புளித்த தேநீர், இஞ்சிப் பானம் என்று செய்கிறோம். ஆனால் இந்திராநகர் மைக்ரோபிரூவரிக்கும் நம் அடுப்படிக்கும் சுத்தத்தின் விதி ஒன்றுதான்.

சில்லறைச் சாமான்கள் எல்லாவற்றுக்கும் கொதிக்க வைப்பது சரிவராது. இந்த ஊர் சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருப்பதால் தண்ணீர் ஏறத்தாழ 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். எஃகுக் கரண்டிக்கு அது போதும், பத்து நிமிடம் விட்டால் சரி. ஹைட்ரோமீட்டரை மட்டும் அதில் போடாதீர்கள். இனிப்பு எவ்வளவு குறைந்திருக்கிறது என்று காட்டும் கண்ணாடி மிதவை அது. சூட்டில் விரிசல் விடும், அல்லது உள்ளே ஒட்டிய அளவுத்தாள் நகர்ந்து பொய்க்கணக்கு காட்டும்.

இப்படிக் கொதிக்க வைக்க முடியாத சாமான்களுக்கு ஸ்ப்ரே பாட்டில்தான் சிறந்தது. மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை நனையும்படி அடித்து, ஒரு நிமிடம் ஈரமாகவே விட்டு, பிறகு காயவிடுங்கள். 99 சதவீதம் இன்னும் வலுவானது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் கிருமியின் புரதம் குலைய நீரும் வேண்டும். சுத்த ஆல்கஹால் அதற்குள் ஆவியாகிவிடும். அடுப்பு எரியும்போது மட்டும் அடிக்காதீர்கள், சட்டென்று தீப்பற்றும்.

ஸ்டார் சான் போன்ற பாஸ்பாரிக் அமிலக் கரைசல் இன்னொரு வழி. லிட்டருக்கு ஒன்றரை மில்லி, ஓரிரு நிமிட ஈரம், அலசத் தேவையில்லை, நுரையும் கெடுதல் செய்யாது. இங்கேதான் பெங்களூர்த் தண்ணீர் குறுக்கே வரும். போர்வெல் நீரிலும் டேங்கர் நீரிலும் உள்ள சுண்ணாம்பு உப்புகள் அமிலத்தைத் தின்றுவிடும், கரைசல் பால்போலக் கலங்கும். ஆர்.ஓ. நீரில் கலக்கினால் தெளிவாகவே நிற்கும். பி.எச். தாளை நனைத்துப் பாருங்கள், 3-க்கு மேல் ஏறியிருந்தால் புதிதாகக் கலக்குங்கள்.

இப்போதெல்லாம் என் குழாய் கழுவியதும் தொங்கவிட்டுக் காய்கிறது. பானத்தை ஊற்றுவதற்கு முன் சீசா வாயிலும் மூடியின் உட்புறத்திலும் கரைசலை ஸ்ப்ரே பாட்டிலால் இரண்டு முறை அடிக்கிறேன்.